கொட்டலசு ஒட்டாத வள்ளம்

அத்தியாயம் ஐந்து

நாற்பத்தெட்டு வயதில் ஒருத்தனுக்கு முகப்பரு வந்தால் ஊர் என்ன செய்யும்? சிரிக்கும். அந்தப் பரு கறுத்து, கன்னமெல்லாம் கட்டிகட்டியாகி, காதுக்குப் பின்னால் போய்க் கழுத்தில் இறங்கினால்? சிரிப்பை நிறுத்திவிட்டுக் கிசுகிசுக்கும். திரேஸ்புரம் கடற்கரையில் வள்ளங்களுக்கு அடிப்பூச்சு பூசும் ரோச்சுக்கு இந்த இரண்டும் நடந்து முடிந்திருந்தன. துறைமுகத்துக்கு வரும் கப்பல்காரர்களோடு சுற்றி, போகக்கூடாத இடத்துக்குப் போய்ச் சீக்கு வாங்கிவந்துவிட்டான் என்று ஊர் தீர்ப்பே சொல்லிவிட்டது. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து, அந்தச் சீக்கு இல்லவே இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். காசு கொடுத்தால் யார்தான் எழுதித் தரமாட்டார்கள் என்றது ஊர். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ரோச்சின் மகள் பிளாரன்ஸுக்கு மணப்பாட்டில் மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில், இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று சாமியார் ஓலை வாசிப்பார். முதல் ஓலை வாசித்தாயிற்று. இரண்டாவது ஓலை நாளைக்கு. அதை நிறுத்தச் சொல்லப்போகிறேன், சாயங்காலம் நேரில் வந்து பேசிக்கொள்கிறேன் என்று மாப்பிள்ளையின் அப்பா சிலுவை ஆள் அனுப்பிவிட்டார். பாதியில் நின்ற ஓலைக்காரியை அப்புறம் எவன் கட்டுவான்? சாயங்காலத்துக்குள் ரோச்சுக்கு வந்திருப்பது என்ன என்று தெரிந்தாகவேண்டும்.

அதற்காகத்தான் ரோச்சின் மனைவி ஆக்னஸ் பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறிப் போய், துப்பறியும் ஜெயபாய் டீச்சரைக் கையோடு கூட்டிவந்திருந்தாள். டீச்சருக்குச் சொந்த ஊர் சாத்தான்குளம். பள்ளிக்கூடத்தில் ரசாயனம் நடத்தியவர். எவன் பிட்டு அடித்தான், எவன் சோதனைச்சாலையில் பித்தளைத் தராசைத் திருடினான் என்று கண்டுபிடித்துக் கண்டுபிடித்து ருசி கண்டு, கடைசியில் அதையே தொழிலாக்கிக்கொண்டவர். அவருடைய உதவியாளன் முப்பிடாதி. லாம்பிரெட்டா ஓட்டுவதும் வாய் ஓயாமல் பேசுவதும் அவன் வேலை. இரண்டு வேலைக்கும் சேர்த்து ஒரு சம்பளம்தான் வருகிறது என்பது அவனுடைய நெடுநாள் குறை.

நேற்று வந்ததுமே ரோச்சைப் பார்த்தார்கள். மனுஷர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார், கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை. டீச்சர் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் புகுந்து நின்று அவர் முகத்தைப் பார்த்தார். மூக்கில் ஒன்றுமில்லை. கன்னத்து எலும்பிலும் காதைச் சுற்றியும்தான் மொய்த்துக்கிடந்தது. பக்கத்தில் வைத்த கஞ்சி ஆறி ஆடை கட்டியிருந்தது.

வெளியே வந்ததும் டீச்சர் குடையை விரித்துக்கொண்டே சொன்னார். "இது பொம்பளைச் சீக்கு இல்ல முப்பிடாதி. ஆலைச் சீக்கு."

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இத்தாலியில் ஓர் ஊரில் ஆலை ஒன்று வெடித்து, சின்னஞ்சிறு பிள்ளைகளின் முகமெல்லாம் இப்படியே வந்ததைப் படமாகப் பார்த்திருக்கிறாராம். அதற்குக் காரணமான விஷத்துக்கு டயாக்ஸின் என்று பெயராம். களைக்கொல்லி மருந்து காய்ச்சும் இடத்தில் அது வேண்டாத பிள்ளையாகப் பிறக்குமாம். ரோச்சுக்குக் களையும் கிடையாது, வயலும் கிடையாது. ஆனால் ஊருக்குத் தெற்கே, உப்பளங்களைத் தாண்டி, பவழக்கரை கெமிக்கல்ஸ் என்று ஒரு களைக்கொல்லி ஆலை இருந்தது. அங்கே மிஞ்சும் தார் மாதிரியான கழிவை எரிப்பதற்கென்றே ஓர் உலை. அந்த உலையடியில் வேலை பார்ப்பவன் ஆக்னஸின் தம்பி ஜேசுபாதம்.

பிறகென்ன, சனிக்கிழமை காலையில் லாம்பிரெட்டா தெற்கே போனது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கூட்டிவந்து ஆலையைக் காட்டவேண்டும், அதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போக வந்தேன் என்று டீச்சர் வாசலில் கூசாமல் சொன்னார். முப்பிடாதியை டிரில் மாஸ்டர் என்று அறிமுகப்படுத்தினார். தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு அவன் விறைப்பாக நின்றான்.

ஆலை மேனேஜர் அருமைநாயகம் நாசரேத்துக்காரர். பள்ளிக்கூடம் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. உலையை அவரே கூட்டிப்போய்க் காட்டினார். புகைபோக்கி பனைமரத்தைப் போல இரண்டு மடங்கு உயரம். அதிலிருந்து வந்ததைப் புகை என்று சொன்னால் பீடிக்கு மானக்கேடு. வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கென்றே அவர் தினமும் தன் வெள்ளைக் கைக்குட்டையை ஒரு கம்பில் கட்டுவார், அன்றைக்குக் காலையிலிருந்து மாடியில் தொங்கவிட்டிருந்தார். அதை அவிழ்த்து டீச்சர் கையில் கொடுத்து, ஒரு பொட்டுக் கரி காட்டுங்கள் பார்ப்போம் என்றார்.

கைக்குட்டை வெளுத்துவந்த மாதிரி இருந்தது. பொங்கலுக்குப் பிறகு புதிதாக ஃபில்டர் வாங்கி மாட்டியிருப்பதாக அவர் விளக்கினார். வருகிற புகையில் சுண்ணாம்புத் தூளைத் தூவி, பெரிய பெரிய துணிப்பைகளுக்குள் விட்டு வடிகட்டிவிடுவார்களாம். அதற்கு முன்னால் இரண்டு அறைகள் உண்டு. முதல் அறையில் கழிவு எரியும். இரண்டாவது அறையில் தனி பர்னர் வைத்து ஆயிரத்து இருநூறு டிகிரி சூட்டில் அந்தப் புகையையே மறுபடி எரிப்பார்கள். அதில் எந்த விஷமும் தாங்காது என்றார்.

முப்பிடாதிக்கு டிகிரி எல்லாம் தெரியாது. அவன் இரண்டாவது அறையின் பர்னரைச் சுற்றி ஒரு நடை போய்விட்டு வந்து டீச்சரின் காதோரம் நின்றான்.

"ஆயிரத்து இருநூறு டிகிரில சிலந்தி குடும்பம் நடத்துமா டீச்சர்?"

டீச்சர் குடையால் கொசு விரட்டுகிற மாதிரி அங்கே போய்ப் பார்த்தார். பர்னரின் வாய்க்கும் எண்ணெய்க் குழாய்க்கும் நடுவில் அழகாக வலை பின்னியிருந்தது. நடுவில் எஜமானி உட்கார்ந்திருந்தாள். எண்ணெய் விற்கிற விலையில் எந்தப் புண்ணியவான் இரண்டு பர்னரை எரிப்பான்?

டீச்சர் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. சிரித்த முகமாக ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஃபில்டர் இவ்வளவு அருமையாப் பிடிக்குதே சார். பிடிச்சதெல்லாம் எங்க?"

அருமைநாயகம் அரைக் கணம் தடுமாறினார். பிறகு பின்பக்கம் அழைத்துப்போய், சிமெண்டு பூசிய பெரிய குழி ஒன்றைக் காட்டினார். சாம்பலெல்லாம் இதற்குள்தான் பத்திரமாகப் போகிறது என்றார். குழியின் அடியில் கணுக்கால் மறையும் அளவுக்குச் சாம்பல் கிடந்தது. பொங்கலிலிருந்து இரவும் பகலும் எரிக்கிற உலைக்கு இவ்வளவுதானா என்று முப்பிடாதி எட்டிப்பார்த்தான். மேனேஜர் அவசரமாக டீ வரவழைத்தார். முப்பிடாதி தன் டீயைக் குடித்துவிட்டு, டீச்சர் தொடாமல் வைத்ததையும் குடித்தான்.

வாசலில் வண்டியை உதைக்கும்போது அவன் மனசு ஆறவில்லை. "குழி கிடக்குற கிடையப் பாத்தா அடுப்புல பூனை தூங்குற வீடு மாதிரில்லா இருக்கு. ஊருக்கே தெரியாம எவனோ வழிச்சு எடுத்துட்டுப் போறான் டீச்சர்."

டீச்சர் எதிரே பார்த்துக்கொண்டிருந்தார். ஆலைச் சுவரை ஒட்டியே உப்பளம். பெண்களும் ஆண்களும் வெயிலில் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் கேட்கும் சாக்கில் இறங்கிப் போய் ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு வந்தார். வெயிலில் கருகிய முகங்கள், கண் சிவந்த முகங்கள். பரு மட்டும் ஒருத்தருக்கும் இல்லை.

பின் சீட்டில் ஒருக்களித்து உட்கார்ந்துகொண்டு, வழியெல்லாம் அவர் அதையே சொல்லிக்கொண்டு வந்தார். உலைச் சூடு போதாமல் அரைகுறையாக எரிந்தால், உள்ளே போட்டதைவிட மோசமானது வெளியே வரும். அது புகையோடு போனால், முதலில் அகப்படுவது சுவருக்கு இந்தப் பக்கம் உப்பு வாருகிறவர்கள்தான். கச்சான் காற்று மேற்கேயிருந்து கடலைப் பார்த்து வீசுகிற காலம் இது. வடக்கே கிடக்கிற திரேஸ்புரத்துக்குப் புகை போக வழியே இல்லை. பக்கத்தில் இருப்பவனை விட்டுவிட்டு நாலு மைல் தள்ளி இருக்கிறவனைத் தேடிப்போய் ஒட்ட, புகைக்கென்ன விலாசம் தெரியுமா? ஃபில்டர் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறது. விஷத்தைப் புகையிலிருந்து பிடித்துச் சாம்பலில் வைக்கிறது. ஹாலந்துக்காரர்கள் போன வருஷம் குப்பை எரிக்கும் உலைகளின் சாம்பலில் இதே விஷத்தைக் கண்டுபிடித்து எழுதியிருக்கிறார்கள். அந்தச் சாம்பல் குழியில் இல்லை. அப்படியானால் யாரோ அதைச் சுமந்து போயிருக்கிறார்கள்.

"சாம்பலை எவன் டீச்சர் களவாங்குவான்? பல்லு விளக்கவா?" என்று கேட்டான் முப்பிடாதி.

"அதத்தான் பாக்கணும். கடற்கரைக்கு விடு."

திரேஸ்புரத்தில் வள்ளங்களைக் கரையேற்றி வரிசையாகச் சாய்த்துப் போட்டிருந்தார்கள். தண்ணீரில் கிடக்கும் மரத்தில் சிப்பிப் பொருக்காக வந்து ஒட்டிக்கொள்ளும் கொட்டலசு, வள்ளக்காரனுக்குத் தீராத தலைவலி. வேகம் குறையும், பலகை கெடும். அதைச் சுரண்டிச் சுரண்டியே பாதி நாள் போய்விடும். அன்றைக்கும் பெண்கள் இரும்புத் தகட்டை வைத்துச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். ஆனால் நடுநடுவே கிடந்த சில வள்ளங்களை யாரும் தொடவேயில்லை. அவற்றின் அடிப்பக்கம் சாம்பல் நிறத்தில் வழவழவென்று இருந்தது.

"மத்ததெல்லாம் தாடியோட கிடக்கு. இது மட்டும் சலூனுக்குப் போய் சவரம் பண்ணிட்டு வந்திருக்கு" என்றான் முப்பிடாதி.

அவன் பேசிய பேச்சில் எப்போதாவது ஒன்று டீச்சருக்கு உதவும். இன்றைக்கு உதவியது. டீச்சர் நின்று வள்ளங்களைப் பார்த்தார். பிறகு வலைக் கொட்டகையின் நிழலில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்த ஆண்களைப் பார்த்தார். பச்சை வள்ளம் அந்தக் கட்டம் போட்ட கைலிக்காரருடையது, குறுக்கே சிவப்புக் கோடு போட்டது அந்த ஒல்லியானவருடையது, கடைசியில் கிடப்பது பீடியைக் காதில் செருகியிருக்கிறவருடையது, போய்க் கேட்டுவா என்றார்.

முப்பிடாதி போய்ச் சீட்டுக்கட்டைக் கலைத்து, ஒரு பீடியும் வாங்கிப் பற்றவைத்துக்கொண்டு கேட்டான். அத்தனையும் சரி. ஜோசியம் பார்த்தீர்களா என்று திரும்பி வந்து கேட்டான். முகத்தைத்தான் பார்த்தேன், வள்ளம் வழவழவென்று இருக்கிறவன் முகம், ரோச் அளவுக்கு இல்லாவிட்டாலும், கரடுமுரடாக இருக்கிறது என்றார் டீச்சர்.

ஒன்றே ஒன்று மட்டும் இடித்தது. சுத்தமான வள்ளங்களில் ஒன்றுக்குச் சொந்தக்காரர் முகம் பளிங்குபோல இருந்தது. டீச்சர் அவரிடமே போய், வள்ளத்துக்குப் பூச்சை யார் தேய்த்தது என்று கேட்டார். எனக்கு இடுப்பு வலி, பெஞ்சாதிதான் தேய்த்தாள் என்றார் அவர். அந்தப் பெஞ்சாதி கொஞ்சம் தள்ளி, சேலையால் தலையை இறுக்க மூடிக்கொண்டு, கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். டீச்சர் பக்கத்தில் போய்க் குனிந்து ஏதோ கேட்டார். அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு முக்காட்டை விலக்கிக் காட்டினாள். முப்பிடாதி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

கைலிக்காரரின் பெயர் செபாஸ்டின். அவருக்குத் தன் முகத்தைப் பற்றிக் கவலையே இல்லை. உப்புக்காற்று என்று நினைத்துக்கொண்டிருந்தார். வள்ளத்தைப் பற்றித்தான் பெருமை. எல்லாம் ரோச் பிசைந்து கொடுத்த பூச்சாம், கூட நின்று தேய்ப்பது வள்ளக்காரர்களாம். சுண்ணாம்பையும் சுறா எண்ணெயையும் பிசைந்து கையாலேயே மரத்துக்குள் இறங்கத் தேய்ப்பது எல்லாரும் செய்வது. ரோச் மட்டும் அதில் ஒரு சாம்பல் சேர்க்கிறாராம். அது எங்கிருந்து வருகிறது என்று தலையை வெட்டினாலும் சொல்லமாட்டாராம். அந்தச் சாம்பல் சேர்த்ததிலிருந்து ஒரு கொட்டலசு ஒட்டுவதில்லை.

டீச்சரின் முகம் இருண்டுவிட்டது. நடந்துகொண்டே முப்பிடாதியிடம் சொன்னார். இந்த விஷம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். சாம்பலைத் தண்ணீரில் குழைத்துப் பூசியிருந்தாலாவது கழுவிவிடலாம். இவர்கள் அதை எண்ணெயில் கரைத்து, வெறுங்கையால், தோலுக்குள் இறங்குகிற வரைக்கும் தேய்த்திருக்கிறார்கள். கொட்டலசைக் கொல்கிறது என்று சந்தோஷப்பட்டிருக்கிறார்கள்.

ரோச்சின் வீட்டுப் பின்பக்கம் போனபோது பிளாரன்ஸ் ஒரு பானையின் முன்னால் குந்தியிருந்தாள். முழங்கை வரை சாம்பல் நிறக் குழைவு. அப்பா படுத்ததிலிருந்து, கல்யாணத்துக்கு முன்னால் ஒப்புக்கொண்ட வேலையை முடித்துக் கொடுக்கவேண்டும் என்று அவளே பிசைந்து அவளே பூசிக்கொண்டிருக்கிறாள். டீச்சர் போட்ட சத்தத்தில் கோழிகள் சிதறின. ஆக்னஸ் ஓடிவந்தாள். சோப்பு, வெந்நீர், மறுபடி சோப்பு என்று டீச்சரே நின்று அந்தப் பெண்ணின் கையைக் கழுவவைத்தார்.

கழுவி முடிப்பதற்குள் மணப்பாட்டிலிருந்து சிலுவை வந்துவிட்டார். ஆறடி உயரம், தலையில் துண்டை முண்டாசாகக் காதுவரை இறக்கிக் கட்டியிருந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. கொடுத்த தண்ணீரைத் தொடவில்லை. உங்கள் வீட்டுக்காரரின் சீக்கு ஒட்டுவாரொட்டி, என் பையனை இந்த வீட்டில் கொடுக்க முடியாது, சாமியாரைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போகிறேன் என்று நின்றபடியே சொல்லி முடித்தார். ஆக்னஸுக்கு அழுகைகூட வரவில்லை. உள்ளே கட்டில் ஒரு தடவை கிரீச்சிட்டது.

"அண்ணாச்சி, மழையும் பனியும் இல்லையே. முண்டாசை எதுக்கு இவ்வளவு இறக்கிக் கட்டியிருக்கீங்க?" என்றார் டீச்சர்.

சிலுவை முறைத்தார். டீச்சர் விடவில்லை.

"உங்க வள்ளத்துக்கும் பூச்சு இங்கனருந்துதான?"

சம்மந்தி வீட்டுச் சீராகப் போன மாதம் ஒரு பானை குழைவு மணப்பாட்டுக்குப் போயிருந்தது. அதை யார் தேய்த்தது என்று டீச்சர் கேட்டார். நான்தான் என்றார் அவர். வீட்டம்மாவுக்கும் மகனுக்கும் முகத்தில் ஏதாவது உண்டா என்று டீச்சர் கேட்டார். இல்லை. ஒட்டுகிற சீக்காக இருந்தால் ஒரே பாயில் படுக்கிறவளுக்கு ஒட்டாமல், நாலு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிற சம்மந்தியிடமிருந்து உங்களுக்கு எப்படி ஒட்டும் என்று கேட்டார். சிலுவையின் கை தானாக முண்டாசுக்குப் போனது. அவிழ்க்கவில்லை, பிடித்துக்கொண்டார். ரோச்சோடு ஒரே தம்ளரில் காப்பி குடித்ததை நினைத்து நினைத்து இத்தனை நாளாக அவர் தூங்கவே இல்லையாம். வீட்டில் வேர்க்குரு என்று சொல்லி வைத்திருந்தாராம்.

"ரோச் எங்கயும் போகல. உங்களுக்கு வந்ததும் அவருக்கு வந்ததும் ஒரே பானையிலருந்து வந்தது" என்றார் டீச்சர்.

சிலுவை அப்படியே உட்கார்ந்துவிட்டார். தண்ணீரை எடுத்துக் குடித்தார். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஓலை வாசிக்கட்டும் என்று ஆக்னஸைப் பார்க்காமலேயே சொன்னார். ஆக்னஸ் அப்போதுதான் அழுதாள்.

முப்பிடாதிக்கு மனசு குளிர்ந்தது. கேஸ் முடிந்தது, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சூடாக மக்ரூன் வாங்கலாம் என்று கணக்குப் போட்டான். டீச்சர் அசையவில்லை. சாம்பல் எங்கிருந்து வருகிறது என்று ஆக்னஸிடம் கேட்டார். அவள் புருஷன் படுத்திருக்கும் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். அந்த நேரத்தில்தான் கட்டிலில் கிடந்த ரோச் முதன்முறையாக வாய் திறந்தார்.

"டீச்சர், அத மட்டும் விட்டுருங்க. என் பேரு கெட்டா கெட்டுட்டுப் போவுது."

அவர் சொல்லி முடிக்கவும் வாசலில் சைக்கிள் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. கேரியரில் ஒரு சாக்கு மூட்டை. ஜேசுபாதம் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, அக்காள் மகளுக்கு ஒரு தேங்காய் மிட்டாயை நீட்டியபடி உள்ளே வந்தான். நாளைக்குக் கோயிலில் ஓலை வாசிக்கும்போது முதல் வரிசையில் நிற்கவேண்டிய தாய்மாமன். முகம் பிறந்த குழந்தையினுடையது மாதிரி ஒரு புள்ளி இல்லாமல் இருந்தது.

எல்லாரும் அந்த மூட்டையையே பார்த்தார்கள். மாமா, இதில்தான் விஷமாம் என்று பிளாரன்ஸ் சொன்னாள். அவன் சிரித்தான். தினம் இதில்தானே புரளுகிறேன், எனக்கு ஒன்றும் வரவில்லையே என்றான். சும்மா குழியில் கொட்டுவதை எடுத்துக்கொண்டு போ, யாரிடமும் சொல்லாதே என்று மேனேஜரே சொன்னாராம். குழி நிறைந்தால் இன்னொரு குழி வெட்டவேண்டுமே. மச்சானுக்குத் தொழில் நடக்கட்டும், மகளுக்குச் சீர் செய்ய ஆகும் என்று அவன் வாராவாரம் சுமந்து வந்திருக்கிறான்.

டீச்சர் சைக்கிளின் கைப்பிடியைக் காட்டினார். அதில் முழங்கை நீளத்துக்கு ஒரு ஜோடி ரப்பர் கையுறை தொங்கிக்கொண்டிருந்தது.

"இது எல்லா ஆளுக்கும் குடுப்பாங்களா?"

"இல்லியே. சாம்பல் அள்ளுதவங்களுக்கு மட்டும்தான்." அவன் கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னான். "மூக்குக்குக் கட்ட துணி தனி. ஷிஃப்டு முடிஞ்சா அங்கனயே குளிக்கணும். சட்டையையும் அங்கனயே போட்டுட்டு வரணும். எங்களுக்கு ரொம்ப மரியாதை டீச்சர்."

"கழிவை உலைக்குள்ள தள்ளுறவனுக்கு?"

"அவனுக்குச் சாதாரணக் கையுறைதான்."

டீச்சர் அந்த ரப்பர் கையுறையை மறுபடி காட்டினார். அவனாக அதைச் சொல்லிப் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்ட மாதிரி இருந்தது. அவன் கையுறையைப் பார்த்தான், அக்காளின் வீட்டுக்காரர் கிடக்கும் கட்டிலைப் பார்த்தான், கடைசியில் பிளாரன்ஸின் சிவந்துபோன கைகளைப் பார்த்தான்.

"அப்போ அவங்களுக்குத் தெரியும்" என்றான்.

"தெரியும்."

"எனக்கு மட்டும் கையுறை குடுத்துட்டு, எங்க வீட்டுக்கு மூட்டையக் குடுத்துவிட்டிருக்காங்க."

அவன் வாசற்படியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். முப்பிடாதி அந்தக் கையுறையைப் பழைய துணியில் சுருட்டி எடுத்துவைத்தான். சிலந்தி வலையை யாரும் கோர்ட்டில் நம்பமாட்டார்கள், இதை நம்பத்தான் வேண்டும் என்றார் டீச்சர். சாம்பலைச் சோதிக்க நம் பக்கத்தில் ஒரு சோதனைச்சாலையும் கிடையாது என்பதையும் சேர்த்தே சொன்னார். ஆலைமேல் வழக்குப் போட ஒரு சாட்சி வேண்டும். அந்தச் சாட்சி இப்போது வாசற்படியில் உட்கார்ந்திருந்தான்.

பிளாரன்ஸ் டீச்சரின் பக்கத்தில் வந்து நின்றாள். யாருக்கும் கேட்காத குரலில், தலைமுடியைக் கொஞ்சம் ஒதுக்கி, இது எப்போதிலிருந்து என்றே தெரியவில்லை டீச்சர் என்றாள். காதுக்குப் பின்னால் கறுப்பாக நாலைந்து. ஆக்னஸ் அதைப் பார்த்துவிட்டாள்.

"இது போயிருமா டீச்சர்?"

ஜெயபாய் டீச்சர் ஆலை வாசலில் எதையும் சொல்வார், உதவி கேட்டு வந்தவர்களிடம் பொய் சொல்லிப் பழகாதவர். முப்பிடாதி அன்றைக்கு மட்டும் அவர் பொய் சொல்லவேண்டும் என்று விரும்பினான்.

"சில பேருக்குப் போகும்மா. ரொம்ப நாளாகும். உள்ளுக்குள்ள என்ன செய்யும்னு எனக்குத் தெரியாது" என்றார் டீச்சர்.

ஜேசுபாதம் எழுந்தான். பூச்சு வாங்கின வள்ளக்காரர்கள் எல்லாரிடமும் நானே போய்ச் சொல்கிறேன் என்றான். அடிப்பார்கள் ஜேசுபாதம் என்று உள்ளேயிருந்து ரோச் சொன்னார். அடிக்கட்டும் என்று அவன் நடந்தான். எல்லாரும் பின்னால் போனார்கள்.

வலைக் கொட்டகையில் சீட்டாட்டம் இன்னும் நடந்துகொண்டிருந்தது. ஜேசுபாதம் அவர்கள் நடுவில் போய் நின்று, முதலிலிருந்து கடைசிவரை ஒன்று விடாமல் சொன்னான். சாம்பல் எங்கிருந்து வந்தது, யார் சுமந்து வந்தது, அதில் என்ன இருக்கிறது, ரோச் மச்சானுக்கு வந்திருப்பது என்ன என்று. சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். முப்பிடாதி முந்திப்போய் நின்றுகொண்டான், முதல் அடியைத் தான் வாங்கலாம் என்று.

செபாஸ்டின் கையிலிருந்த சீட்டுகளை மடக்கினார்.

"சரிலே. கையில படாம பூசணும், அவ்வளவுதான? எங்களுக்கும் அந்தக் கையுறை ஒண்ணு வாங்கிக் குடு. சாம்பல் ரெண்டு மூட்டை வேணும். வாடைக் காத்துக்கு முன்னால ஒருக்கா பூசிட்டா அடுத்த வருசம் வரைக்கும் தாங்கும்."

எனக்கும் ஒரு மூட்டை என்றார் ஒல்லியானவர். இன்னொருத்தர் விலை என்ன என்று கேட்டார். ஜேசுபாதம் திகைத்துப்போய் ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்தான். கொட்டலசு ஒட்டாத வள்ளம். அதை விட்டுவிட எவனுக்கு மனசு வரும்?

ஆக்னஸ் அதுவரை கொட்டகைக்கு வெளியே நின்றாள். ஆறு மாதமாகப் புருஷனின் முகத்தை ஊர்க்கண்ணில் படாமல் மூடி மூடி வைத்தவள் அவள். கோயிலுக்குக்கூட இருட்டோடு போய் இருட்டோடு வந்தவள். அவள் பிளாரன்ஸின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கொட்டகைக்குள் வந்தாள். சம்மந்தி பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதும் நாளைக்கு ஓலை என்பதும் அவளுக்குத் தெரியும். ஆண்பிள்ளைகள் அத்தனை பேருக்கும் முன்னால் மகளை நிறுத்தி, அவள் தலைமுடியைச் சுருட்டி மேலே தூக்கினாள்.

"பாருங்க. இவ அதுல கை வச்சு ரெண்டு மாசந்தான் ஆவுது. என் பிள்ளையப் பாத்துட்டு அப்புறம் மூட்டை கேளுங்க."

தூக்கிப் பிடித்திருந்த ஆக்னஸின் கை தளர்ந்து கீழே வந்தது. பிளாரன்ஸ் தலைமுடியை இறக்கிவிடவில்லை. தன் கையாலேயே பிடித்துக்கொண்டு, முகத்தைக் கடல் பக்கம் திருப்பி, அவர்கள் பார்ப்பதற்கு வாகாக நின்றாள். முதலில் செபாஸ்டின் எழுந்து வந்தார். குனிந்து பார்த்தார். பிறகு தன் காதுக்குப் பின்னால் விரலை விட்டு மெதுவாகத் தடவிப் பார்த்துக்கொண்டார்.